கடித்தது நாய், கடிக்க வைத்தது யார்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படுகின்ற கரையாகிய படுவான்கரையிலே, நாய் இல்லாத வளவைக் காண்பது அரிது. வெல்லாவெளியை எடுத்துக்கொள்ளுங்கள், அதனைச் சூழ்ந்த விவேகானந்தபுரம், தும்பங்கேணி, திக்கோடை, பாலையடிவட்டை, மண்டூர் ஆகிய ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டணத்துச் சீமான் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு வளர்க்கும் நாயன்று இங்குள்ள நாய். காட்டிலிருந்து யானை இறங்கி வருகின்ற நடுச்சாமத்திலே, வீட்டுக்காரன் விழிக்கும் முன்னரே விழித்துக் குரல் கொடுப்பது அது. வயல் வாடியிலே தனித்துக் கிடக்கும் கமக்காரனுக்கு இரவெல்லாம் துணை அது. பன்றிக்கும் கள்ளனுக்கும் முன்னே நிற்பது அது. நாயின் குரைப்பினால் உயிர் தப்பியவர்கள் இப்பற்றிலே ஒருவர் இருவர் அல்லர்.

ஆகவே நாம் நாய்க்குப் பகைவர் அல்லோம். இதனை முதலிலேயே கூறிவைக்கிறோம். ஏனெனில், நாய்க்கடியைப் பற்றி எவரேனும் வாய் திறந்தால், "கொன்றுவிடு" என்று ஒரு கூட்டமும், "வாயில்லாச் சீவனைக் குறை கூறாதே" என்று மற்றொரு கூட்டமும் எழுந்து நின்று கூச்சலிடுகின்றன. இவ்விரு கூட்டத்தாருக்கும் நடுவே ஒருவர் ஓசையின்றி நழுவிவிடுகிறார். அவர்தாம் நாயின் சொந்தக்காரர். நாம் இன்று வழக்காட வந்தது அவருடனேயே.

அவரை அனைவரும் அறிவர். படலையிலே ஆள் வந்து நிற்கும்போது, நாய் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கிறது. சொந்தக்காரரோ திண்ணையை விட்டு எழாமலே, "எங்கட நாய் ஒண்டும் செய்யாது, பயப்படாம வாங்க" என்கிறார். வந்தவர் நம்பி உள்ளே அடி வைக்கிறார், கெண்டைக்கால் கிழிகிறது. அடுத்த கணமே அவரது பேச்சு மாறுகிறது. "நீ ஏன் மனே ஓடினாய்? ஓடினால் நாய் கடிக்கும்தானே!" கடிபட்டது பள்ளிப் பிள்ளையாயின், "கல்லெறிந்திருப்பான்" என்ற பழியும் சேர்ந்துகொள்கிறது. நாய் குற்றவாளி அன்று. அதனை வளர்த்தவர் குற்றவாளி அல்லர். இரத்தம் சொட்டச் சொட்ட நிற்கும் பிள்ளைதான் குற்றவாளி! இப்படி ஒரு நீதி எந்த நாட்டில் உண்டு?

நெஞ்சில் கைவைத்து ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். ஒருவருடைய மாடு அயலவரின் வேளாண்மையை மேய்ந்துவிட்டால் நம்மவர் சும்மா இருக்கின்றனரா? மாட்டைப் பிடித்துக் கட்டுகின்றனர், ஊர்ப் பெரியவர்களை அழைக்கின்றனர், அழிவை மதிப்பிடுகின்றனர், இழப்பீட்டை வாங்காமல் மாட்டை அவிழ்ப்பதில்லை. கட்டாக்காலி மாடுகளுக்கென்றே 1876ஆம் ஆண்டில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. போகந்தோறும் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே, மாடுகளை வயற்கண்டங்களிலிருந்து அகற்றவேண்டிய நாள் குறிக்கப்படுகிறது; மீறினால் தண்டம். இவை யாவும் முறையானவையே. ஆயின், நான்கு மூடை நெல்லுக்கு உள்ள நியாயம் ஒரு பிள்ளையின் காலுக்கு இல்லாமற் போனது எவ்வாறு? மாடு மேய்ந்த கதிருக்கு விலை பேசுகின்ற அதே மனிதர், தமது நாய் குதறிய சதைக்கு "மஞ்சள் வைத்துக் கட்டு" என்று புத்தி சொல்லிவிட்டு உள்ளே போகிறாரே, இது வெட்கக்கேடு அன்றோ?

சட்டம் இல்லை என்று எவரும் சாதிக்க வேண்டா. நீர்வெறுப்பு நோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் உண்டு. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டினது. அதன்படி பதிவுக்குப் பொறுப்பு உள்ளூராட்சி மன்றத்துக்கு. விலங்கினைக் கவனக்குறைவாக வைத்திருந்து மனிதருக்கு ஊறு நேரவிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவையும் குற்றமாகவே கொள்கிறது. நமது நீதிமன்றங்கள் பின்பற்றிவரும் உரோமன் ஒல்லாந்துச் சட்டமோ, வீட்டு விலங்கு விளைத்த சேதத்துக்கு அதன் உரிமையாளரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டைப் பழங்காலந் தொட்டே உடையது. ஏட்டிலே இத்தனையும் இருக்கின்றன. நாட்டிலே என்ன இருக்கிறது? வெல்லாவெளியிலிருந்து மண்டூர் வரை நடந்து செல்லுங்கள். எதிர்ப்படும் நாய்களுள் கழுத்திலே இலக்கத்தகடு பூண்டது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்குக் கைவிரல்கள் போதும் என்பதே எமது எண்ணம்.

இனி, நாய் எவ்வாறு கடிநாய் ஆகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். "அது பிறவிக் குணம்" என்பார் சிலர். "நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்று பழமொழியைத் துணைக்கு அழைப்பார் பலர். பழமொழி பொய்யுரைக்காது என்று எண்ணுவது நமது பழக்கம். ஆனால், நாயைப் பற்றிய பழமொழிகள் செய்த கேட்டினை விசர்நாயும் செய்ததில்லை. மரபுவழிக் குணம் அறவே இல்லை என்று நாம் கூறவில்லை. எனினும், வீட்டு நாயைக் கடிநாய் ஆக்குவதில் பெரும்பங்கு மனிதன் கையில் உள்ளது.

குட்டி பிறந்து 3 வாரம் முதல் ஏறக்குறைய 12 வாரம் வரையுள்ள காலமே அதன் வாழ்நாட் குணத்தை வகுக்கும் காலம். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் ஸ்கொட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் பல்லாண்டுக் காலம் நாய்களை வளர்த்து ஆராய்ந்து, 1965இல் வெளியிட்ட நூலிலே இதனை நிறுவினர். அவ்வாரங்களில் மனிதர், பிள்ளைகள், பிற நாய்கள், வண்டிச் சத்தம் ஆகியவற்றை அச்சமின்றிப் பழகிய குட்டி, பின்னர் அவற்றைக் கண்டு மிரள்வதில்லை. பழகாத குட்டி காலமெல்லாம் மிரளும். மிரளும் நாயே கடிக்கும். நம்மவர் செய்வது என்ன? கண் திறந்து சில நாளேயான குட்டியைத் தாயிடமிருந்து பறித்துச் சாக்கிலே போட்டுக்கொண்டு வருகின்றனர். உடன்பிறந்தவற்றுடன் விளையாடிக் கடியின் அளவைக் கற்க வேண்டிய பருவம் அது. தான் கடித்தால் மற்றது கத்தும், தாய் சீறும், விளையாட்டு நின்றுபோகும். இவ்வாறே குட்டி தன் பல்லின் வலிமையை அடக்கப் பயில்கிறது. அப்பள்ளிக்கூடத்தின் கதவை நாமே அடைத்துவிட்டு, பின்னர் "இந்த நாய்க்கு அளவு தெரியவில்லை" என்று நொந்துகொள்கிறோம்.

அடுத்து வருவது சங்கிலி. ஆறு முழச் சங்கிலியில், மாமரத்தடியிலே, காலையிலிருந்து மாலைவரை, சிலவேளை ஆண்டுக்கணக்காக! வெருண்ட விலங்குக்கு இயற்கை இரண்டு வழிகளை வைத்துள்ளது: ஒன்று விலகி ஓடுவது, மற்றது எதிர்த்துப் பாய்வது. சங்கிலி ஒரு வழியை அடைத்துவிடுகிறது. எஞ்சியது பாய்ச்சல் ஒன்றே. போதாக்குறைக்குச் சிறுவர் எட்ட நின்று தடியால் குத்துவதும், கல்லெறிந்து விளையாடுவதும் உண்டு. பெரியவர் அதனைக் கண்டு சிரிப்பதும் உண்டு. அந்நாய் ஒருநாள் கட்டறுத்துப் பாயும்போது யாரை எதிர்பார்க்கிறோம்? தன்னைச் சீண்டியவனை அது தேடிப் பிடிப்பதில்லை. முன்னே வந்த எந்தப் பிள்ளையானாலும் அதற்குச் சரி. பச்சை இறைச்சியும் இரத்தமும் ஊட்டினால் நாய்க்குச் சூரம் ஏறும் என்று நம்புவோரும் நம்மிடையே உளர். சூரம் வேண்டுமென்று விரும்பி வளர்த்தபின், சூரத்தைக் கண்டு வியப்பது என்ன பேதைமை!

மூன்றாவது, அடி. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி இங்கே கைகொடுக்கிறது. நாய் ஒருவரைப் பார்த்து உறுமினால் உடனே தும்புத்தடி, உலக்கை, கொட்டன் எது கைக்கு அகப்பட்டாலும் அதன் முதுகில் இறங்குகிறது. இதன் பயன் யாது என்பதை அளந்து பார்த்தவர்கள் உளர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கு வைத்தியர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, நடத்தைக் கோளாறுடைய நாய்களின் உரிமையாளர் 140 பேரை வினாவினர். நாயை அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களுள் 100க்கு 43 பேருக்கு, அந்நாய் அவர்கள்மீதே சீறியதே பதிலாகக் கிடைத்தது. அடி நாயை அடக்குவதில்லை. அதன் அச்சத்தையே பெருக்குகிறது. அச்சம் பெருகப் பெருகப் பல்லும் நீளுகிறது.

உறுமல் என்பது என்ன? "அருகே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நாய் தன் மொழியிலே கூறும் எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கைக்காக அடிவாங்கிய நாய், அடுத்த முறை உறுமாது, நேரே கடிக்கும். "ஒரு சத்தமும் இல்லாமல் வந்து கடித்தது" என்று முறையிடப்படும் நாய்களுட் பல இவ்வாறு வாயடைக்கப்பட்டவையே. யானை வருகின்ற தடத்திலே கட்டிவைத்த தகரத்தைச் சத்தம் தொந்தரவு என்று அறுத்தெறியும் கமக்காரன் உண்டா? உறுமலை அடித்து அடக்குபவன் அதனையே செய்கிறான். "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியையும் இவ்விடத்திலே தள்ளிவைத்துவிடுங்கள். குரைக்கிற நாய் கடிக்கும். குரைக்காத நாயும் கடிக்கும். குரைப்பையும் உறுமலையும் உற்றுக் கேட்டவனே கடிக்குத் தப்புவான்.

கற்றோரிடமும் ஒரு வார்த்தை. களுவாஞ்சிகுடியிலும் மட்டக்களப்பு நகரிலும் மதில் கட்டிய வீடுகளிலே மேனாட்டுச் சாதி நாய்களை வாங்கி வளர்க்கும் உத்தியோகத்தர்களுக்கு, அடிக்கு மாறாக வேறொரு வேதம் கிடைத்துள்ளது. "நாய் ஓநாயின் வழித்தோன்றல், கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு, நானே தலைவன் என்று அதனை மண்ணில் அழுத்திக் காட்ட வேண்டும்" என்பது அவ்வேதம். 1947இல் சுவிற்சர்லாந்து அறிஞர் செங்கல் என்பார், அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து இக்கருத்து கிளைத்தது. 1970இல் தமது நூலின் வாயிலாக அதனைப் பரப்பிய அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டிலே சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைப் பல்லாண்டு கவனித்தபின், 1999இல் அது பொருந்தாது என எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பன் பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பமே; சண்டையிட்டு மகுடம் சூடும் அரசவை அன்று. ஆசிரியரே கைவிட்ட பாடத்தை நம்மவர் இன்னும் மனனம் செய்துகொண்டிருக்கின்றனர். படலையிலே "நாய்கள் கவனம்" என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டதோடு தம் கடமை முடிந்தது என்று கருதுவோரும் இவர்களே. எழுதப் படிக்கத் தெரியாத நாலு வயதுப் பிள்ளைக்கு அப்பலகை எதைச் சொல்லும்?

பிள்ளை என்று சொன்னோம். கடிக்கும் நாய் என்றதும் தெருவில் அலையும் கட்டாக்காலி நாயே நம் கண்முன் தோன்றுகிறது. ஆயின், பிள்ளைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்கள் அறிந்த நாய்கள்: தம் வீட்டு நாய், மாமா வீட்டு நாய், அயல் வீட்டு நாய். இது பல நாடுகளில் கண்ட உண்மை. பெரியவரை நாய் காலிலும் கையிலும் கடிக்கிறது. சிறு பிள்ளையை முகத்திலும் கழுத்திலும் கடிக்கிறது. ஏனெனில் பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேரே நிற்கிறது. நாய் தின்னும்போது தட்டில் கைவைப்பதும், உறங்கும் நாயின்மேல் விழுவதும், குட்டி ஈன்ற தாயிடம் குட்டியைத் தூக்குவதும், பாசத்தால் கழுத்தைக் கட்டிப்பிடிப்பதும் பிள்ளைகளின் இயல்பு. சிறு பிள்ளையையும் நாயையும் பெரியவர் கண்காணிப்பின்றித் தனித்து விடாதிருப்பது ஒன்றே இதற்குப் பரிகாரம். இதற்குக் காசு வேண்டாம், சட்டம் வேண்டாம், கவனம் வேண்டும்.

அப்படியாயின் சீறும் நாயை என்ன செய்வது? நாம் மந்திரம் சொல்லப் போவதில்லை. நேற்றுவரை சாதுவாயிருந்த நாய் இன்று திடீரெனச் சீறினால், முதலில் அது நோயுற்றதா என்று பார்க்க வேண்டும். காதுப் புண்ணும், பல் நோவும், உள்ளே இருக்கும் முறிவும் நாயின் குணத்தை மாற்றிவிடும். விசர் நோயும் அவ்வாறே தொடங்கும். எனவே, முதற்படி கால்நடை வைத்தியரிடம் செல்வது. பிறகு, எந்த வேளையில், எவரைக் கண்டு, எதன் பொருட்டுச் சீறுகிறது என்பதைக் கவனித்து, அவ்வேளையைத் தவிர்க்க வேண்டும். உணவுக்காகச் சீறுவதாயின் அதற்குத் தனியிடத்தில் உணவு வைக்க வேண்டும். படலைக்கு வருவோரைக் கண்டு சீறுவதாயின், ஆள் வருமுன்னரே அதனைப் பின்வளவில் அடைக்க வேண்டும். பின்னர், அந்நியர் எட்டத்தில் நிற்கும்போது ஒரு கருவாட்டுத் துண்டோ மீன் தலையோ கொடுத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் தூரத்தைக் குறைத்துப் பழக்கினால், "ஆள் வந்தால் நல்லது கிடைக்கும்" என்று நாய் கற்றுக்கொள்கிறது. வாரங்கள் செல்லும், மாதங்களும் செல்லலாம். கட்டியே ஆக வேண்டுமெனின், இரண்டு மரங்களுக்கிடையே நீளக் கம்பி இழுத்து, அதிலே வளையம் ஓடுமாறு சங்கிலியை மாட்டினால், நாய் நடமாட இடமாவது கிடைக்கும். வேலியடைத்த வளவில் அவிழ்த்துவிடுவது அதனினும் நன்று. மலடாக்கும் சத்திரசிகிச்சையால் கடுவன் நாய் ஊர் சுற்றுவதும், பெட்டைக்காகச் சண்டையிடுவதும் குறையும். அச்சத்தினால் வரும் சீற்றம் அதனால் மட்டும் தீரும் என்று எவரும் வாக்குறுதி தர முடியாது.

மீண்டும் மீண்டும் ஆழக் கடித்து, எவ்வகையாலும் வழிக்கு வராத நாயும் உண்டு. அதனைக் கால்நடை வைத்தியரின் கையினால் வலியின்றி முடிப்பது சில வேளைகளில் தவிர்க்க முடியாத கடமையாகிவிடுகிறது. இதனைக் கொடுமை என்பவருக்கு, நம்மூர் வழக்கத்தை நினைவூட்டுகிறோம். கடித்த நாயையும், வேண்டாத பெட்டைக் குட்டிகளையும் சாக்கிலே கட்டி, துறையைக் கடந்து அக்கரைச் சந்தையிலோ, ஆளில்லாத வயல்வெளித் தெருவிலோ விட்டுவிட்டு, பாவம் தீர்ந்தது என்று திரும்பி வருகின்றனரே, அதுவோ கருணை? தம் வீட்டு வினையை அயலூரின் தலையிலே கட்டிவிடும் கயமை அது. இன்றைய கட்டாக்காலி நாய், நேற்று ஒருவர் வீட்டில் கைவிடப்பட்ட நாய். அல்லது அந்நாயின் குட்டி.

நீர்வெறுப்பு நோயைப் பற்றிச் சொல்லாமல் இவ்வழக்கு முற்றுப்பெறாது. 1973ஆம் ஆண்டில் இந்நோயினால் இலங்கையில் மாண்டவர் 377 பேர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் இயக்கத்தினால் அத்தொகை வெகுவாக வீழ்ந்தது. அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பதை ஒட்டி நின்றது. மகிழத்தக்க வீழ்ச்சியே. எனினும், முற்றாகத் தடுக்கக்கூடிய நோயினால் ஓர் உயிரேனும் ஏன் போக வேண்டும்? உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயினால் இறக்கின்றனர் என்பதும், மனிதருக்கு வரும் இந்நோயில் 100க்கு 99 நாயினாலேயே வருகிறது என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஒரு பகுதியிலுள்ள நாய்களுள் 100க்கு 70க்குத் தடுப்பூசி ஏற்றிவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பதும் நிறுவப்பட்ட உண்மை. பிரான்சு நாட்டிலே லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி ஏற்றியது 1885இல். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. நாமோ இன்னும் காயத்தில் மிளகாயும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டிருக்கிறோம்!

கடிபட்டவுடன் செய்யவேண்டியது, ஓடுகின்ற நீரிலே சவர்க்காரம் இட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவுவது. இவ்வெளிய காரியமே கிருமியில் பெரும்பகுதியை அகற்றும். பின்னர் தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலை. ஊசி அங்கே இலவசம். நோய்க்குறி தோன்றியபின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை; குறி தோன்றுவதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் செல்லும் என்பதனால், "கடித்து ஒரு கிழமை ஆகிவிட்டது, ஒன்றும் இல்லை" என்று இருந்துவிடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். "சின்னக் குட்டிதானே, அதற்கு விசர் வராது" என்பதும் பொய். கடித்த நாயை அந்த இடத்திலேயே அடித்துக் கொல்வதும் அறிவீனம். அதனை அடைத்துவைத்து பத்து முதல் பதினான்கு நாள் கவனித்தால், அதற்கு நோய் இருந்ததா என்பது தெரிந்துவிடும். இடையில் இறந்தால் அதன் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் சோதிக்கலாம். ஊசியைத் தள்ளிப்போடுவதா இல்லையா என்பது வைத்தியர் முடிவு, நமது முடிவன்று. மாடு வளர்ப்போரும் இதனைக் கேட்கட்டும்: விசர்நாய் கடித்த கறவை மாடும் அந்நோயினாலேயே சாகும். நாய்க்கு ஆண்டுக்கொரு ஊசி ஏற்றாதவர் தமது பட்டியையும் பணயம் வைக்கிறார்.

வெல்லாவெளி மக்களுக்கு இதிலே இன்னொரு இடரும் உண்டு. மாரி காலத்திலே வாவியும் வயலும் ஒன்றாகிவிடும் நிலம் இது. 2011 சனவரியிலும் 2024 நவம்பரிலும் படுவான்கரை வெள்ளக்காடாயிற்று. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குச் செல்வதற்குத் தெரு இல்லாத நாளில் கடிபட்டவன், முதல் ஊசிக்கே வழிபார்த்துக் கிடக்க வேண்டும். பட்டணத்தாருக்கு நாய்க்கடி ஒரு தொல்லை. படுவான்கரையாருக்கு அது உயிர் வழக்கு.

இப்பொழுது அதிகாரிகளிடமும் ஆளுவோரிடமும் திரும்புவோம். வெள்ளையர் காலந்தொட்டுக் கையாண்ட முறை, நஞ்சும் துவக்கும். அவை நாயின் தொகையைக் குறைத்ததில்லை. கொன்ற இடத்தை அயலிடத்து நாய்கள் வந்து நிரப்பின. 2006இல் அன்றைய சனாதிபதி மகிந்த இராசபக்ச, தெருநாய்களைக் கொல்லலாகாது என்ற கொள்கையை அறிவித்தார். கொள்கை நன்று. கொலையை நிறுத்தினால் அதன் இடத்தில் மலடாக்கலும் தடுப்பூசியும் முழுவீச்சில் நடைபெற்றிருக்க வேண்டும். மூலைமுடுக்கிலுள்ள ஊர்கள்வரை அவை சென்றிருக்க வேண்டும். பதிவு செய்யவேண்டிய உள்ளூராட்சி மன்றங்களோ, 2023 மார்ச்சிலே பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரையில் மக்கள் பிரதிநிதிகள் இன்றியே கிடந்தன. கால்நடைத் துறைக்குப் பொறுப்பான கிழக்கு மாகாண சபையின் கதையும் அதுவே. 2017இல் காலம் முடிந்த அச்சபைக்குப் பல்லாண்டு காலம் தேர்தலே வைக்கப்படவில்லை. கேட்பதற்கு ஆளில்லாத வீட்டிலே நாய்க்கு யார் தகடு கட்டுவது?

"குறித்த சாதி நாய்களைத் தடை செய்" என்று கொழும்பிலும் சென்னையிலும் அவ்வப்போது எழும் கூக்குரலையும் நாம் கேட்டிருக்கிறோம். பிரித்தானியா 1991இல் அவ்வாறு நான்கு சாதி நாய்களைத் தடைசெய்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அங்கே நாய்க்கடி ஓயவில்லை. 2023 முடிவில் மேலும் ஒரு சாதியைப் பட்டியலிற் சேர்க்க நேர்ந்தது. 2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவொன்றிலே ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ரொட்வைலர் நாய்கள் குதறிய செய்தி தமிழுலகையே பதறவைத்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் இந்திய மத்திய அரசு 23 சாதி நாய்களைத் தடைசெய்யுமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்திருந்தது; உரியவர்களைக் கலந்தாலோசியாமல் விடுக்கப்பட்டது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. 2025 ஆகஸ்டிலே டில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்தடைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, இரு வாரத்துக்குள்ளேயே, தடுப்பூசி ஏற்றி மலடாக்கிப் பிடித்த இடத்திலேயே விடுமாறும், விசர் பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடாது வைக்குமாறும் அதனை மாற்றியது. பெரிய நாடுகளின் பெரிய மன்றங்கள் இவ்வாறு முன்னும் பின்னும் இழுபடுவதற்குக் காரணம், நாயைப் பார்த்தவர்கள் நாயின் மறுமுனையிலே கயிற்றைப் பிடித்திருப்பவரைப் பாராததே. வெல்லாவெளியிலே ரொட்வைலரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. இங்கே கடிப்பவை நம் நாட்டு நாய்கள். எந்தச் சாதியைத் தடை செய்வது?

ஆகவே நாம் கேட்பவை பெரியன அல்ல. போரதீவுப்பற்றுப் பிரதேச சபைக்கு இப்பொழுது மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் உளர். தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் பணம் ஒதுக்கும் சபை, நாய்ப் பதிவுக்கும் ஒரு பதிவேட்டைத் திறக்கட்டும். பதிவு செய்த நாய்க்குத் தடுப்பூசி ஏற்றித் தகடு கட்டட்டும். மலடாக்கும் நடமாடும் சிகிச்சை முகாமை வெல்லாவெளியிலும் மண்டூரிலும் ஆண்டுக்கு இரு முறையேனும் நடத்தித் தருமாறு மாகாணக் கால்நடைத் திணைக்களத்தை எழுத்து மூலம் கேட்கட்டும். கடித்த நாயின் சொந்தக்காரர், கடிபட்டவரின் வைத்தியச் செலவையும், அவர் வைத்தியசாலைக்கு அலைந்து இழந்த நாட்கூலியையும் கொடுக்க வேண்டும் என்று ஊர்ச் சங்கங்கள் தீர்மானிக்கட்டும். மாட்டுக்கு இழப்பீடு கேட்ட ஊருக்கு இது புதிய பாடமன்று. பாடசாலைகளிலே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு மணி நேரம் பேசினாற் போதும். உறுமலின் பொருளும் சவர்க்காரத்தின் பயனும் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

பெரும்போக விதைப்புக்கு முன்னர், அடுத்த பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் வழக்கம்போல் கூடும். நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், மாடுகளை அகற்றும் நாள் ஆகியன குறிக்கப்படும். அந்த ஏட்டிலேயே, மாட்டு நாளுக்கு அடுத்த வரியில், நாய்களுக்கு ஊசி ஏற்றும் நாளையும் எழுதுமாறு வெல்லாவெளிக் கமக்காரர் கேட்கட்டும். கூட்டத்துக்கு வரும் உத்தியோகத்தர், "இது எமது திணைக்களத்தின் வேலையன்று" என்று கூறுவாராயின், யாருடைய வேலை என்பதை அவ்விடத்திலேயே எழுதித் தருமாறு கேட்கட்டும்.